போனுக்கு வைத்த பொட்டு

என் வேலை என்னவென்று அம்மாவுக்கு ஒரே வரியில் சொல்லி வைத்திருந்தேன்: போன் நன்றாக இருக்கிறதா, கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது. தெருவில் யார் கேட்டாலும் அவளும் அதையேதான் சொல்வாள். "என் பொண்ணு பாத்து நல்லா கீதுன்னு சொன்னாத்தான் போனு கம்பெனிய வுட்டு வெளிய வரும்." கேட்கிறவர்களுக்கு, நாட்டிலுள்ள எல்லா போனும் என் கை வழியாகத்தான் போகிறது என்று தோன்றும். நான் திருத்தவில்லை. தன்னைப் பற்றிய பெருமையை யாராவது திருத்துவார்களா?

உண்மையில் நான் பார்ப்பது போனில் ஒரே ஒரு இடம். திரைக்கு மேலே, காதில் வைத்துக் கேட்கிற துவாரத்துக்குப் பக்கத்தில், கறுப்புக் கண்ணாடிக்குள் ஒரு சென்சார் இருக்கும். வெளியே தெரியாது. பேசும்போது போன் கன்னத்தில் ஒட்டியிருக்கிறதா என்று அதுதான் கண்டுபிடிக்கும். ஒட்டியிருந்தால் திரையை அணைத்துவிடும். சட்டைப் பையில் கிடந்தாலும் அதுதான் கண்டுபிடித்து, திரை எதற்கும் அசையாதபடி செய்துவிடும். எங்கள் லைனில் ஒரு கறுப்பு ரப்பர் துண்டு இறங்கி வந்து அந்த இடத்தை மூடும்; திரை அணைய வேண்டும். ரப்பர் மேலே போகும். திரை எரிய வேண்டும். இரண்டும் நடந்தால் பச்சை பட்டனை அழுத்துவேன், அடுத்த போன் வரும். நாலு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். படித்த டிப்ளமோ எல்லாம் அந்தப் பச்சை பட்டனில் போய் நிற்கிறது.

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற வழியில் எங்கள் தெரு. வீட்டில் நான், அம்மா, நைனா, மூன்று பேர். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கல் உடைக்கிற கிரஷரில் பல வருஷம் வேலை பார்த்து, அந்தத் தூளையெல்லாம் நெஞ்சில் ஏற்றிக்கொண்டு வீட்டோடு வந்து உட்கார்ந்தவர். கட்டிலிலிருந்து எழுந்து வாசல் குழாய் வரை போனாலே அவருக்கு இளைக்கும். சில நாள் திடீரென்று மூச்சு அடைத்துக்கொள்ளும். உடனே, மருந்தைப் புகையாக்கி உள்ளே அனுப்புகிற புகை மெஷினை மூக்கில் வைக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் நான் திரும்ப சாயங்காலம் ஆகிவிடும். லைனுக்குள் சொந்த போனைக் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். நாள் முழுக்க போன்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவளுக்கு வீட்டிலிருந்து ஒரு போன் வராது. ஆகவே பகலில் நைனாவின் உயிர் அம்மாவின் கையிலிருந்த போனை நம்பித்தான் இருந்தது.

அது முதலில் பட்டன் போனாக இருந்தது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். 'ஒண்ணு, முட்ட, எட்டு' என்று வாயால் சொல்லிக்கொண்டே அழுத்துவாள், ஆம்புலன்சுக்குப் போய்விடும். மூன்றை அழுத்திப் பிடித்தால் பக்கத்துத் தெரு ஆட்டோக்காரர். இரண்டை அழுத்திப் பிடித்தால் நான். நடு பட்டனில் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும்; அதைக் கட்டைவிரலால் தடவி, மற்ற எண்கள் எங்கே என்று பார்க்காமலே கண்டுபிடித்துவிடுவாள். புடவை மடியில் செருகிக்கொண்டு நடவு நட்டிருக்கிறாள். இரண்டு முறை சேற்றில் விழுந்தும் அது சாகவில்லை. நைனாவுக்கு இரண்டு முறை கடுமையாக அடைத்தபோதும் அந்தப் போன்தான் வண்டியைக் கூப்பிட்டுக் கொடுத்தது.

அதன் பேட்டரி உப்பிப்போய் மூடி நிற்காமல் ஆனது. ரப்பர் பேண்டு போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டினாள். பிறகு அதுவும் ஆகவில்லை. அப்போது நான் இன்னொரு பட்டன் போன் வாங்கித் தந்திருக்கலாம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். எனக்குத்தான் மனம் வரவில்லை. போன் கம்பெனியில் வேலை பார்க்கிறவள் வீட்டில் பட்டன் போனா? சாப்பாட்டு நேரத்தில் லாக்கரைத் திறந்து நைனாவின் முகத்தை வீடியோவில் பார்க்கலாம் என்றும் ஓர் ஆசை. இரண்டில் எது முதலில் வந்தது என்று இன்றைக்கு என்னைக் கேட்டால், வீம்புதான் முதலில் வந்தது என்று சொல்லுவேன்.

புதுப் போனைக் கையில் கொடுத்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "இத எங்கடி சொருவறது?" மடியில் செருகினால் வழுக்கிக்கொண்டு விழுந்தது. குனிந்தால் இடுப்பில் குத்தியது. ஒரு கையில் பிடித்தால் கட்டைவிரல் பாதித் திரைக்குத்தான் எட்டியது. போன் வந்தால் பச்சை வட்டத்தை மேலே தள்ள வேண்டும் என்று காட்டினேன். "ஏன் தள்ளணும்? அமுக்கினா பத்தாதா?" என்றாள். இதையெல்லாம் வடிவமைக்கிறவர்கள் எங்கோ குளிர்ந்த அறையில், மெத்தென்ற விரல்களோடு உட்கார்ந்திருக்கிறவர்கள். களை பறித்துக் காய்த்துப்போன விரல் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. இன்று கோபமாக எழுதுகிறேன். அன்று என் கோபம் முழுக்க அம்மா மேல்தான் இருந்தது.

போனில் முடிந்தவரை எல்லாவற்றையும் எளிதாக்கினேன். பூட்டை எடுத்துவிட்டேன். மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். முதல் திரையில் மூன்றே மூன்று படம்: சிவப்புச் சிலுவை போட்ட ஆம்புலன்ஸ், ஆட்டோக்காரரின் முகம், என் முகம். தொட்டால் போதும், போன் போகும். ஆனால் அம்மாவுக்குத் தொட வராது, அமுக்கத்தான் வரும். பட்டன் உள்ளே போகிற உணர்வு விரலுக்கு வரும்வரை அமுக்குவாள். கண்ணாடி உள்ளே போகாது. இன்னும் அமுக்குவாள். போனோ, படத்தை எடுத்துவிடச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வேறு எதையோ காட்டும்.

"தொடும்மா, தொட்டுட்டு கைய எடு. எத்தினி வாட்டி சொல்றது? ஒரு போனத் தொடத் தெரியலன்னா இன்னாதான் தெரியும் உனக்கு?"

அம்மா விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் வைத்தாள். கட்டிலில் படுத்திருந்த நைனாதான், "அவள வுடுடி. நாத்து நட்ட கை அது, அமுக்கித்தான் பயக்கம்" என்றார். அவர் அஞ்சாவது வரை படித்தவர். டீக்கடையில் பேப்பரை எழுத்துக் கூட்டி வாசிப்பார். போனை வாங்கி 'அமைப்புகள்', 'அறிவிப்புகள்' என்று ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு இங்கிலீசே தேவலாம்" என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். மூச்சு அடைக்கும்போது அவர் கை நடுங்கும் என்பதால் அவரை நம்பிப் போனை விட முடியாது. அம்மாதான் கற்றுக்கொண்டாக வேண்டும். நாலைந்து நாளில் கற்றுக்கொண்டுவிட்டாள். பத்துக்கு எட்டு முறை சரியாகத் தொட்டாள்.

அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை என்றால் வீட்டிலுள்ள சாமான்களுக்கெல்லாம் விசேஷம். தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, சந்தனம் குழைத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பாள். நிலைப்படி, கேஸ் அடுப்பு, கிரைண்டர், டிவி, நைனாவின் புகை மெஷின், எதுவும் தப்பாது. சந்தனத்தை அப்பி அதன்மேல் குங்குமம். புதுப் போன் வந்த முதல் வெள்ளிக்கிழமை நான் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால், திரையின் நட்டநடுவில் ஒரு பொட்டு காய்ந்து போயிருந்தது. எனக்குச் சுரீரென்று வந்தது.

"படம் தெரியிற எடத்துல வெக்காதம்மா. வெச்சுத்தான் ஆவணும்னா படம் தெரியாத எடத்துல வெய்யி" என்று சொல்லித் துடைத்தேன். நான் மனதில் நினைத்தது போனின் முதுகை. அதை வாயால் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நல்ல மழை. நான் பஸ் பிடிக்கப் போன பிறகுதான் அம்மா குளித்துப் பூஜை செய்வாள். அன்றைக்கும் அப்படித்தான்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் லாக்கரைத் திறந்தேன். வரிசையாக மிஸ்டு கால்கள், எல்லாம் தெரியாத எண்கள். அம்மாவின் எண்ணிலிருந்து ஒன்றுகூட இல்லை. தெருக்காரர் ஒருவர் மறுபடியும் கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னார். எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று எனக்கு நினைவில்லை. பந்தலில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. அம்மா நைனாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். நான் நைனாவைக் கட்டிக்கொண்டு அழுவதற்கு முன்னால் அம்மாவிடம் கேட்டது இதுதான்: "போன் இன்னாம்மா ஆச்சு? அத்தினி வாட்டி சொல்லிக் குடுத்தனே!"

அத்தனை பேர் முன்னால் கேட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நடந்ததை அம்மா அன்றைக்கு வந்தவர்களிடமெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னாள். பூஜை முடிந்து பத்து மணிவாக்கில் நைனாவுக்கு அடைத்திருக்கிறது. புகை மெஷினை வைத்துப் பார்த்திருக்கிறாள், அடங்கவில்லை. போனை எடுத்திருக்கிறாள். "மூணு படமும் வரலம்மா. கருப்பா ஏதோ எயுத்து வந்துச்சு. தொட்டேன், துடைச்சுட்டுத் தொட்டேன், அமுக்கினேன், ஒண்ணும் ஆவல. என் கை வெளங்காத கை. என் பொண்ணு தலையால அடிச்சிக்கினா, தொட்டுட்டு எடுன்னு. அந்த நேரத்துக்கு எனக்கு வரல." தெருவில் ஆள் இல்லை. எல்லாரும் நூறு நாள் வேலைக்கு ஏரிக்குப் போயிருந்தார்கள். மழையில் ஏரிக்கரை வரை ஓடியிருக்கிறாள். அங்கே ஒருத்தியின் போனிலிருந்து ஆம்புலன்சைக் கூப்பிட்டார்கள். வண்டி வந்தபோது நைனா இல்லை.

இன்னொன்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் மாறும். "போனோட நான் லோல்பட்டுக்கினு கீறேன், அவரு கைய நீட்டி என் நெத்தியத் தொட்டாரு. பேச முடியல. பொட்டத் தொட்டாரு, போனக் காட்டினாரு, மறுபடியும் பொட்டத் தொட்டாரு. போறேன்டி, இந்தப் பொட்டு இன்னியோட சரின்னு சொல்லிட்டுப் போயிட்டாரு." கேட்ட பெண்கள் எல்லாரும் அழுதார்கள். கட்டிய நாளிலிருந்து ஒரு நல்ல வார்த்தை நின்று சொல்லாத மனுஷன் கடைசியில் அப்படித் தொட்டு விடை பெற்றானே என்று ஒருத்தி சொன்னாள். அம்மா தலையாட்டினாள்.

நைனாவை எடுத்த பிறகு, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, போனைத் தேடினேன். சாமி மாடத்தில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். திரை சுத்தமாக இருந்தது. திரைக்கு மேலே, படம் தெரியாத அந்தக் கறுப்புப் பட்டையில், சந்தனமும் குங்குமமும் கெட்டியாகக் காய்ந்த ஒரு பொட்டு.

பக்கவாட்டில் இருந்த பட்டனை அழுத்தினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. 'மேல் பகுதியை மறைக்க வேண்டாம்.' நான் மாற்றி வைத்த மொழி, நல்ல தமிழில் பிழையில்லாமல் சொன்னது. கீழே ஒரு போன் படம் வரைந்து, அதன் நெற்றியை மட்டும் ஆரஞ்சு நிறத்தில் காட்டியிருந்தது. நான் தொட்டுப் பார்த்தேன். என் விரலுக்கும் அது அசையவில்லை. நகத்தால் பொட்டைச் சுரண்டினேன். மூன்று படங்களும் வந்து நின்றன.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். போன் தன்னை யாரோ பையில் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அம்மாவின் விரலில் ஒரு குறையும் இல்லை. படம் தெரியாத இடத்தில் வை என்றேன், வைத்தாள். முகத்தில் வைக்கிற பொட்டை முதுகில் யாராவது வைப்பார்களா? அவளுக்குத் தெரிந்த வரையில் போனுக்கு நெற்றி என்றால் அந்த இடம்தான். நாள் முழுக்க அந்த இடத்தை ரப்பரால் மூடித் திறந்து பார்க்கிற எனக்கு, அதை ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

அப்புறம்தான் நைனாவின் கை ஞாபகம் வந்தது. அவருக்குப் படிக்கத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படித்திருப்பார். பொட்டைத் தொட்டு, போனைக் காட்டி, மறுபடியும் பொட்டைத் தொட்டிருக்கிறார். விடை பெற்றாரோ, போனில் இருக்கிற பொட்டைத் துடை என்று கெஞ்சினாரோ, எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் நைனாவை எனக்குத் தெரியும். அவர் சாகத் தயாராக இருந்த மனுஷன் இல்லை.

அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். உன் கை நல்ல கை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்து, உன் குங்குமம்தான் என்று சொல்ல வேண்டும். அதற்கும் அடுத்து, நைனா உன்னிடம் விடை பெறவில்லை என்று சொல்ல வேண்டிவரும். அறை வாசலில் நின்று அவளைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நெற்றியைத் தொட்டுக் காட்டி அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் பெண்கள் அம்மாவின் பொட்டை அழித்தார்கள். நான் வேண்டாமென்று சண்டை போட்டேன். அம்மாவே, "வுடுடி, அவரே சொல்லிட்டுத்தான் போனாரு" என்று முகத்தைக் காட்டினாள்.

அதன் பிறகும் அவள் தன் வலது கையைப் பார்த்துப் பார்த்துச் சபித்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பொறுக்காமல் ஒரு நாள் ஒரு பொய் சொன்னேன். "உன் கை மேல தப்பு இல்லம்மா. அந்த போனே பழுதான பீசு. செக் பண்ணிட்டேன்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க பாத்து நல்லா கீதுன்னு சொன்னாத்தானடி வெளிய வரும்? பழுதுன்னா எப்படி அனுப்புவீங்க? எனக்கோசரம் சொல்லாத. போனு நல்லாத்தான் கீது. நான்தான்." இத்தனை வருஷம் தெருவெல்லாம் அவள் சொல்லித் திரிந்த பெருமை, நான் திருத்தாமல் விட்ட பெருமை. இப்போது அதைத் திருத்தப் போனால் அவள் கேட்கவில்லை.

போனை மாற்றித் தருகிறேன், பட்டன் போனே வாங்கி வருகிறேன் என்றேன். அதற்கும் ஒப்பவில்லை. இதைக் கற்றுக்கொண்டே தீருவது என்று உட்கார்ந்துவிட்டாள். மற்ற வேலை முடிந்ததும் போனை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைத் தொடுவாள். தொட்டுவிட்டுச் சட்டென்று விரலை எடுப்பாள். நான் லைனில் இருக்கும்போது லாக்கருக்குள் மணி அடித்துக்கொண்டே இருக்கும். மதியம் திறந்தால் அம்மாவிடமிருந்து வரிசையாக மிஸ்டு கால்.

வெள்ளிக்கிழமைகளில் அவள் தன் கையால் எதற்கும் பொட்டு வைப்பதில்லை. குளித்துவிட்டுச் சந்தனத்தைக் குழைத்து வைத்துக்கொண்டு நான் புறப்படுவதற்கு முன் என்னைக் கூப்பிடுவாள். காரியம் முடிந்து வந்த முதல் வெள்ளியிலேயே கூப்பிட்டாள். நிலைப்படிக்கு வைத்தேன், அடுப்புக்கு வைத்தேன். ஓரமாக நகர்த்தி வைத்திருந்த புகை மெஷினுக்கும் வைக்கச் சொன்னாள், வைத்தேன். கடைசியாகப் போனை நீட்டினாள். நான் வாங்கி முதுகுப்பக்கம் திருப்பினேன்.

"பின்னாடி யாராவது வெப்பாங்களா? மூஞ்சில வெய்யி. நீதான சொன்ன, படம் தெரியாத எடத்துல வெக்கணும்னு. மேல வெய்யி." பிறகு என் கை அசையாததைப் பார்த்து, "ஏன்டி, அங்க வெச்சா ஏதாச்சும் ஆவுமா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது" என்று சொன்னேன். சொன்ன பிறகு வைக்காமல் இருக்க முடியாது. அந்தக் கறுப்புப் பட்டையில், நாள் முழுக்க ரப்பர் இறங்குகிற அதே இடத்தில், என் கையால் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு எனக்குச் சோறு கட்ட உள்ளே போனாள். அவள் திரும்புவதற்குள் துப்பட்டா நுனியால் பொட்டை அழுத்தித் துடைத்தேன். அந்த இடத்தில் விரலை வைத்தேன், திரை மறுத்தது. எடுத்தேன், மூன்று படங்களும் வந்தன. மறுபடியும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் மாடத்தில் கவிழ்த்து வைத்தேன். ஒவ்வொரு வெள்ளியும் இப்படித்தான் வைக்கிறேன், அழிக்கிறேன். பொட்டு எங்கே போயிற்று என்று ஒரு தடவை கேட்டாள். காய்ந்து உதிர்ந்திருக்கும் என்றேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்கிற தைரியத்தில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை மதியம் லாக்கரைத் திறந்து போனைக் கையில் எடுத்த அதே நேரம் அம்மா கூப்பிட்டாள்.

"சாப்ட்டியா?" என்றாள். சாப்பிடப் போகிறேன் என்றேன். "ஒரே தடவதான் தொட்டேன், ஒடனே வந்துட்ட. சரியாத் தொட்டனா?"

"சரியாத்தாம்மா தொட்ட."

"இப்ப வர்ற கை அன்னிக்கி எங்கடி போச்சு?" என்றாள்.

லைனுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, சாப்பிடாமலே போனை உள்ளே வைத்துப் பூட்டினேன்.